கருணாபுரத்தில் துக்கம்

கொளஞ்சியம்மாள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சுற்றியிருந்த நாலு பெண்களும் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். ஒருத்தி கண்ணிலும் தண்ணீர் இல்லை.

எப்படி இருக்கும்? யாரும் சாகவில்லையே. வி.ஏ.ஓ. அரங்கநாதன் தெருவில் வருவதைப் பார்த்து, பைபிளை அரிசிப் பானைக்குள் திணித்துவிட்டு ஆரம்பித்த அழுகை அது. வீட்டுக்குப் பின்வாசலும் கிடையாது.

அவர்களுடைய ஜெபக்கூட்டத்துக்கு 'துக்கம்' என்றுதான் பேர். முதல் ஜெபம் நடந்தது ஒரு சாவு வீட்டில். ஏன் கூடினீர்கள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அந்தத் தைரியத்தில் பேர் நிலைத்துவிட்டது.

மதம் மாறிய விஷயம் வெளியே தெரிந்தால் மகள் செந்தமிழ்ச்செல்வியின் எஸ்.சி. சான்றிதழ் போச்சு, டீச்சர் டிரெயினிங் சீட்டும் போச்சு. வி.ஏ.ஓ. விசாரிக்க வருவார் என்பது தெரியும். ஆனால் இடஒதுக்கீடு மறியலில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிற நாளிலா வரவேண்டும்? ஜெபம் நடத்த சங்கராபுரத்திலிருந்து வரவேண்டிய அண்ணன் பூமாலையே இன்னும் வந்து சேரவில்லை.

அரங்கநாதன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார்.

"எங்க அண்ணன் போய்ட்டாருங்க சார். பூமாலைண்ணன்." வழி பார்த்துக்கொண்டிருந்த பேர்தான் அவள் வாயில் முதலில் வந்தது.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இப்போது அண்ணன் வந்து நின்றால் என்ன கதி?

"அழாதீங்கம்மா. இன்னா பண்றது." எப்போது, எப்படி என்று எதுவும் கேட்காமல் அவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டார்.

இந்த மனுஷன் கிளம்புகிற வழியைக் காணோமே என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. கர்த்தரே, இன்றைக்கு மட்டும் அண்ணன் இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

"உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும், கெளம்புங்க சார். பொண்ணு சர்ட்டிபிகேட்டை அப்புறம் பாத்துக்கலாம்."

"நான் அதுக்கு வரலம்மா." அரங்கநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "பஸ் இல்லாம நடந்து வந்துகினு இருந்தவரு, ரோட்டு முனையில நெஞ்சைப் புடிச்சிகினு விழுந்துட்டாரு. தங்கச்சி வூடுன்னு உங்க பேரைச் சொன்னாரு, என் மடியிலயே கண்ணை மூடிட்டாரு. நான் நேரா இங்கதான் வரேன்..."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அதுக்குள்ள உங்களுக்கு யாரும்மா சொன்னது?"