கனடாக் கல்லுக் கரடி

"பிள்ளைக்குப் பிடிச்சிருக்கோ?" என்று றஞ்சிதம் மாமி கேட்டபோது, மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்கிறாரா, மேசையில் நின்ற கரடிச் சிலையைப் பற்றிக் கேட்கிறாரா என்று அருந்ததிக்கு விளங்கவில்லை. பொதுவாகத் தலையை ஆட்டி வைத்தாள்.

கரடி உள்ளங்கை அளவு, நல்ல கறுப்பு. பெண் பார்க்க வந்த மாமியிடம் அதைக் கொடுத்து அனுப்பியவன் அவருடைய தம்பி, கனடா மாப்பிள்ளை ஸ்ரீஸ்கந்தராசா.

"பனிநாட்டு இனுயிற் சனங்கள் கல்லில கையால செதுக்கினது. உலகத்தில இதைப்போல இன்னொண்டு கிடையாது. உங்கட மகளும் அப்பிடித்தானாம், தம்பி சொல்லுறான்!"

அப்பா பாலசுந்தரத்துக்கு மனம் குளிர்ந்தது. சென்ற கிழமைதான் கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த சுற்றிவளைப்புத் தேடுதலில் மகளைப் பொலிஸ் கொண்டுபோய், பின்னேரம் விட்டிருந்தது. மாமி தேநீர் குடித்து முடிப்பதற்குள் சம்மதம் சொல்லி, அவளை விமானம் ஏற்றிவிடும் அவசரம் அவருக்கு.

அருந்ததி கரடியைத் தூக்கிப் பார்த்தாள். சவர்க்காரக் கட்டி போல் லேசாக இருந்தது. கல்லின் குளிர்ச்சியும் இல்லை.

"மாமி, கல்லெண்டால் பாரமாயெல்லோ இருக்கும்?"

"அது கனடாக் கல்லு, பிள்ளை."

"வயித்தில ஒரு கோடு ஓடுது. அச்சில வார்த்த பொம்மைக்குத்தான்..."

"சும்மா இரு," என்றார் அப்பா. "கரடிக்கும் சாதகம் பாக்கப்போறியோ?"

மாமி சிரித்துக்கொண்டே கரடியின் இடது காதைத் தொட்டுக் காட்டினார். நுனி உடைந்திருந்தது.

"இந்தா, உளி சறுக்கின இடம். அச்சில செய்தால் இப்பிடிப் பிழை வருமோ?"

அருந்ததி கரடியைத் திரும்ப மேசையில் வைத்தாள். தன் சந்தேகப் புத்தியை நினைக்க வெட்கமாகக்கூட இருந்தது. அப்பா தொண்டையைச் செருமினார்.

"அப்ப, எங்களுக்கு முழுச்..."

"அருந்ததி, கொஞ்சம் ஐஸ்கட்டி இருக்கோ?" மேல்மாடியில் குடியிருக்கும் சிநேகிதி சரோஜினிதேவி கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தவள் அப்படியே நின்றாள். பிறகு கரடியைத் தூக்கி, காதைத் தடவிப் பார்த்தாள்.

"என்னடி இது! என்ர கரடியை இப்பத்தான் துடைச்சு அலுமாரியில வச்சிட்டு வாறன். அதே கரடி, அதே காது!"

"உன்ர கரடியோ?"

"ஓமடி, கலியாணத் தரகர் கொண்டுவந்து தந்தவர். உனக்கும் ஸ்ரீஸ்கந்தராசாதானோ அனுப்பினவர்?"

றஞ்சிதம் மாமி பாதித் தேநீரை வைத்துவிட்டுப் படியிறங்கினார்.