உள்தாழ்ப்பாள்

"கிழவருக்கு எவ்வளவு கொழுப்பு பாரு! வேணும்னே உள்தாழ்ப்பாள் போட்டுட்டு உட்கார்ந்திருக்கார்!"

அம்மா மறுபடியும் மணியை அழுத்தினாள். உள்ளே அது அலறுவது வாசல்வரை கேட்டது. கதவுதான் அசையவில்லை. கையில் சாவி இருந்து என்ன பிரயோஜனம்?

பக்கத்தில் குட்டி, நெஞ்சோடு கோப்பையை அணைத்தபடி நின்றாள். போன வாரம் வெளிநாட்டுப் பிள்ளைகளெல்லாம் கலந்துகொண்ட அறிவியல் போட்டியில் முதல் பரிசு. இன்று விழாவில் வாங்கிய கையோடு ஓடி வந்திருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அமெரிக்கக் காலேஜ் நேர்காணல். கம்ப்யூட்டர் உள்ளே. பரிசு விழாவை வீடியோ எடுத்தே போன் செத்துப்போயிருந்தது.

"மார்க் எல்லார்கிட்டயும் இருக்கு மேடம். போட்டியில ஜெயிக்கிற பிள்ளையைத்தான் அவங்க திரும்பிப் பார்ப்பாங்க" என்று வெளிநாட்டுப் படிப்பு ஆலோசகர் சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் ஏது? போட்டி போட்டியாக அலைந்ததெல்லாம் இந்த ஒரு நேர்காணலுக்குத்தான்.

"தாத்தாவுக்குக் காது கேக்காதேம்மா..."

"சும்மா இரு! அவருக்கு வேண்டியதெல்லாம் நல்லா கேக்கும். நீ போறது பிடிக்கலை. 'அவ்வளவு தூரமா?'ன்னு இழுத்தவர்தானே? வெண்ணெய் திரண்டு வர்றப்போ தாழியை உடைக்கிறார் மனுஷன்!"

உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கதவைத் தட்டினாள்.

கடைசியில் வாட்ச்மேன் பின்பக்க ஜன்னலுக்குப் போய்க் கையை ஆட்டினார். அப்புறம்தான் தாழ்ப்பாள் விலகியது.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா?" தாத்தா பதறினார்.

"இந்த வீட்டுல நல்லது நடந்தா உங்களுக்குப் பொறுக்காதே மாமா!"

வார்த்தை கேட்காவிட்டாலும் மருமகள் முகம் புரிந்தது. பாவம், சுவரோரமாக ஒதுங்கிக்கொண்டார்.

நல்லவேளை, நேரம் தப்பவில்லை. திரையில் ஒரு அமெரிக்கப் பெண்மணி சிரித்தாள். "உன் கண்டுபிடிப்பைப் பத்திச் சொல்லு."

குட்டி இங்கிலீஷில் பொரிந்து தள்ளினாள். "என் தாத்தாவுக்குக் காது கேக்காது. வாசல் மணி அடிச்சா அவருக்குத் தெரியாது. அதைப் பார்த்து மனசு தாங்காம ஒரு கைப்பட்டை செஞ்சேன். மணி அடிச்சதும் அது அவர் மணிக்கட்டுல அதிரும்."

பெண்மணிக்குக் கண் கலங்கிவிட்டது. "தாத்தா தினமும் கட்டிக்கிறாரா?"

"தினமும்!"

"நான் அவரைப் பார்க்கலாமா?"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓசைப்படாமல் கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். கோப்பைகளுக்கு நடுவே பெட்டி இருந்தது. கீறல் விழக் கூடாதென்று போட்டிக்குப் போய்ப் போய் அதே பெட்டியில் திரும்பி வந்த கைப்பட்டை. ஒட்டியிருந்த போட்டி எண்ணைச் சுரண்டி எடுத்தாள். அவசர அவசரமாக மாமனார் கையில் மாட்டி, அவரைத் திரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். கதவைத் தட்டிய கை இன்னும் எரிந்தது.

தாத்தா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகமெல்லாம் மலர, ஊருக்கே கேட்கிற குரலில் தமிழில் கேட்டார்:

"அழகா இருக்கே குட்டி! என்னது இது? எனக்கா?"

"என்ன சொல்றார்?" பெண்மணி ஆவலாகக் கேட்டாள்.

அம்மா மகளைப் பார்த்தாள். குட்டி கண்ணை இமைக்கவில்லை.

"இது இல்லாம ஒரு நாள்கூட இருக்க முடியலைன்னு சொல்றார்."