சுனை காட்டிய வம்சம்

என் மூத்தவன் கப்பல் வேலைக்குப் போன வருஷம், ஜெபக்கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த சலேத் அக்கா சொன்ன கதை இது.

கிரேக்க நாட்டில் ஒரு குட்டித் தீவு. கோடையில் அங்கே சுனை வற்றிவிடும். மேய்ப்பன் வந்து ஆடுகளைக் காலைக் கட்டிப் படகில் ஏற்றி, பெரிய தீவுக்குக் கொண்டுபோவான். அந்த வருஷமும் படகு வந்தது. குட்டியோடு கரைக்கு இறங்கின வெள்ளாட்டைக் கிழட்டுக் கிடா மறித்தது.

“கப்பல் உடைஞ்சு ஒதுங்கின ஆதிகாலத்து வீரனுக்கு இந்தச் சுனையைக் காட்டினதே நம்ம பாட்டன்தான். அந்த வம்சம் நாலு காலும் கட்டுண்டு படகுல போறதா, புள்ள?”

“குட்டிக்குத் தண்ணி வேணுமே, மாமா.”

“வீரனோட ஆளுங்க வருவாங்க. நம்மளைத் தவிக்க விட்டுருவாங்களா?”

அந்தப் பெருமை தாய் ஆட்டுக்கும் இனித்தது. குட்டியோடு பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. படகு போய்விட்டது.

நான்காம் நாள் ஒரு சுற்றுலாக் கப்பல் வந்தது. இறங்கியவர்கள் வற்றின சுனையைப் படம் பிடித்தார்கள், கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தார்கள், போனார்கள். அவர்கள் வீசிய காலிப் பாட்டிலை நக்கிக்கொண்டே குட்டி தலையைச் சாய்த்தது. பிறகு எழவில்லை.

“பாத்தியா, நம்ம சுனையைப் பாக்க எவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க!” என்றது கிடா.

தாய் ஆடு குட்டியின் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

கேட்டது போதும். எழுந்துபோய் வாசலில் வாயில்லா ஜீவன்களுக்கு ஒரு சட்டி தண்ணீர் வைத்துவிட்டு வாருங்கள்.