திரையில் வருவதை மட்டும்

“ஏம்மா, நீ மனுஷியா, மெஷினா?” என்று ஹெட்போனில் ஒரு பெரியவரின் குரல் கேட்டது.

கால் சென்டர் சீட்டில் இருந்த அவள் உஷாரானாள். போன வாரம் கைக்குழந்தையோடு அழுத ஒரு பெண்ணும் இதையேதான் கேட்டாள். மனசு கேட்காமல், திரையில் ஓடிய வாசகத்தை விட்டுவிட்டு நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லப்போக, அந்தப் பெண், அழுகை, குழந்தை எல்லாமே செயற்கை நுண்ணறிவின் வேலை என்று பிறகுதான் தெரிந்தது. ஊழியர்களை வேவு பார்க்கக் கம்பெனி விட்ட சோதனை போன் கால்.

“திரையில வர்றதைப் படிக்கத்தான் உனக்குச் சம்பளம். இன்னொரு தடவை சொந்தமாப் பேசினே, அப்படியே வீட்டுக்குப் போயிடலாம்” என்று சூப்பர்வைசர் எச்சரித்திருந்தார். கழுகு என்பது அவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர். அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

“என் வீட்டுக்காரிக்கு மூச்சு முட்டுதும்மா. ஆக்சிஜன் மெஷின்ல செவப்பு லைட்டு எரியுது” என்றார் பெரியவர்.

அந்த மெஷினை வீடுகளுக்கு வாடகைக்கு விடும் கம்பெனிதான் அது. திரையில் வாசகம் வந்தது. “ஒருமுறை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள், ஐயா” என்று படித்தாள்.

“போட்டுப் பாத்துட்டேன்மா. என் வீட்டுக்காரிக்கு மூச்சு முட்டுதும்மா. மெஷின்ல செவப்பு லைட்டு எரியுது.”

அதே வார்த்தைகள், அதே பெருமூச்சு. “சோதனையா?” என்று பக்கத்து சீட்காரி உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள். இவள் ஆமென்று தலையாட்டினாள்.

திரும்பிக் கழுகின் கண்ணாடி அறையைப் பார்த்தாள். விளக்கு அணைந்திருந்தது, நாற்காலி காலி. காலையிலிருந்தே கழுகைக் காணோம். எங்கேயோ உட்கார்ந்து ஒட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

“இரும்மா, அவளை ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடறேன்.” செருப்புத் தேயும் சத்தம் விலகிப் போய், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தது. அடேயப்பா, சோதனைக்காகச் செருப்புச் சத்தத்தைக்கூட விட்டுவைக்கவில்லை!

“இப்ப சத்தமில்லாமத் தூங்குற மாதிரி இருக்கா. கூப்பிட்டா கண்ணைத் திறக்க மாட்டேங்குறாம்மா.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேவிட்டாள். அதற்குள் திரையில் அடுத்த வரி வந்து நின்றது. பெரியவர் சொன்னதைத் தூக்கம் என்றே எடுத்துக்கொண்டிருந்தது, திரைக்கு வாசகம் தரும் மென்பொருள்.

இதே இடத்தில்தான் போன வாரம் சறுக்கினோம் என்று அவளுக்கு ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு படித்தாள்.

“அவர் ஓய்வெடுப்பது நல்லது, ஐயா. எங்கள் பொறியாளர் நாளை காலை வருவார்.”

“அப்போ பயப்பட ஒண்ணும் இல்லையேம்மா?”

“எங்களை அழைத்ததற்கு நன்றி, ஐயா.”

“நல்லா இரும்மா” என்று சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். போயும் போயும் ஒரு மெஷினுக்கா இரக்கப்படுவது என்று தன்னையே திட்டிக்கொண்டு, பாட்டிலிலிருந்த தண்ணீரைக் குடித்தாள்.

தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்த கழுகு, சாயங்காலம் தோளில் பையோடு வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்த பெருமையில் அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“சார், நீங்க விட்ட தாத்தா என்னென்னவோ நடிச்சுப் பாத்தார். நான் ஒரு வார்த்தை கூடுதலாப் பேசலையே!”

“எந்தத் தாத்தா?” என்றார் கழுகு, பையை இறக்கியபடி. “சோதனை கால் எல்லாம் போன வாரமே நிறுத்தியாச்சேம்மா.”