இடது பக்கம் பதில் சொல்லாது

புற்றுநோய் அறுவைக்குப் பிறகு பெர்னதெத்தின் வலது மார்பில் வைத்த சிலிகான் பை உடைந்துவிட்டது. உடைந்ததை அந்தப் பையே, தனக்குள் இருந்த சிப் வழியாகத் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குத் தெரிவித்திருந்தது. கணவர் லூர்துவோடு போனாள்.

"உடைஞ்சத எடுத்துட்டு புதுசு ஒண்ணு வைங்க டாக்டர்."

"ஒண்ணா வராதும்மா. இப்போ எல்லாம் ஜோடிதான். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிடணும்," என்றார் இளம் டாக்டர்.

"இடது பக்கம் என் சொந்த மார்புல்லா?"

"அதான் சிக்கல். வலது கேட்டா இடது பதில் சொல்லாது. அலாரம் அடிச்சுக்கிட்டே இருக்கும். இடதையும் மாத்திடலாம்."

"அதுக்கு என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"டாக்டர் சொன்னா கேளுட்டி," என்றார் லூர்து.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா இருக்கத அறுத்துப் போட்டுட்டு, உடையுறதுல ரெண்டு வைக்கணுமோ? வயித்துக் கொழுப்ப எடுத்து மார்பு செய்வாங்களே, அதச் செய்யுங்க."

"அத நிறுத்தியாச்சும்மா. கொழுப்பு பேசாதுல்ல?"

"அப்போ எடுத்துட்டு அப்படியே தச்சு விடுங்க. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

அப்படியே தைத்துவிட்டார்கள். கட்டுக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததை லூர்து பார்த்தார்.

"கஷ்டமா இருக்காட்டி?"

"இருக்கத்தான் செய்யுது. கொஞ்சம் அழுதுக்கிடுதேன். நீங்க போய் காபி வாங்கிட்டு வாங்க."

அவர் திரும்பி வந்தபோது அழுது முடித்து முகத்தைத் துடைத்திருந்தாள். ஒரு வாய் குடித்ததும் எரிந்து விழுந்தாள்.

"சீனி போடச் சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"