பாக்கி எட்டு

ரப்பர் பேண்ட் போட்ட டிக்கெட் கட்டு, டிப்போ மேலாளரின் மேசையில் பொத்தென்று விழுந்தது.

"முப்பத்து நாலு. எண்ணிக்குங்க," என்றார் தணிக்கை அதிகாரி. "ஒவ்வொண்ணுக்குப் பின்னாடியும் உங்க கண்டக்டர் கையெழுத்து. பாக்கி எட்டு, பாக்கி எட்டு, பாக்கி எட்டு. ஒரு நாளாவது அந்த எட்டு ரூபாயைக் கண்ணுல காட்டினானான்னு அவனையே கேளுங்க."

மேலாளர் பாதி குடித்த டீயைத் தள்ளி வைத்தார். தணிக்கை அதிகாரி கட்டைப் பிரித்து, பேனா எழுத்து மேலே தெரியும்படி எல்லா டிக்கெட்டையும் கவிழ்த்து வரிசையாகப் பரப்பினார். குற்றம் பின்பக்கத்தில் இருக்கும்போது முன்பக்கத்தில் யாருக்கு என்ன வேலை?

ஆபீசில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அடுத்தவர் கணக்கில் ஒரு ரூபாய் உதைத்தால்தான் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கும். இருபத்தாறு வருஷ சர்வீசில் மனிதர்களை அவர் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: பிடிபட்ட திருடன், இன்னும் பிடிபடாத திருடன். கண்டக்டரை இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு மாற்றத்தான் இன்று அரை நாள் லீவு போட்டிருந்தார்.

இதற்காக ஒன்றரை மாதம் உழைத்திருக்கிறார். மனைவி தினமும் பன்னிரண்டு ரூபாயைச் சரியாக எண்ணிச் சட்டைப் பையில் போட்டு அனுப்புவாள். அதைத் தொடாமல் இருபது ரூபாய்த் தாளை நீட்டி, "பாலம் ஒண்ணு" என்பார். கண்டக்டர் தோல்பையைக் குலுக்கிப் பார்த்துவிட்டு, "சில்லறை இல்ல சார், இறங்கறப்ப வாங்கிக்குங்க" என்று டிக்கெட்டின் முதுகில் கிறுக்கித் தருவான்.

கிறுக்கல் கைக்கு வந்ததும் ஜன்னல் பக்கம் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். அந்த மூஞ்சியை அதற்கு மேல் எதற்குப் பார்ப்பது? "பாலம், பாலம் இறங்கு" என்று அவன் தொண்டை கிழியக் கத்தும்போதும் திறக்க மாட்டார்.

"இறங்கும்போது நீங்க கேட்டீங்களா சார்?" என்றார் மேலாளர்.

"நான் எதுக்குக் கேக்கணும்? குடுக்க வேண்டியவன் தேடி வந்து குடுக்கணும். பஸ் உங்க வாசல்லதான் வந்து நிக்குது, என் ஆபீஸ் எதிர்லயே இருக்கு. நான் என்ன கண்காணாத இடத்துக்கா ஓடிப் போறேன்?"

மேலாளர் பெருமூச்சு விட்டு, கண்டக்டரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். "தற்காலிக ஆள் சார். இன்னும் ஒரு வாரம் போனா வேலை நிரந்தரம். புகார் எழுதினா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும். கைக்குழந்தைக்காரன்."

"அந்தக் குழந்தைக்குப் பால் என் காசுலதான் வாங்கணுமா?"



கண்டக்டர் வந்து நின்றான். யாருக்கோ தைத்த காக்கிச் சட்டை, தோளில் இரண்டு விரற்கடை தொங்கியது. மேசையைப் பார்த்தான். பிறகு தணிக்கை அதிகாரியைப் பார்த்து, "வணக்கம் சார்" என்றான். அவர் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"இந்த எழுத்து உன்னோடதுதானே?" என்றார் மேலாளர்.

"ஆமா சார்."

"முப்பத்து நாலு நாள். எட்டு எட்டா இருநூத்தி எழுபத்திரண்டு ரூபா. சாருக்குத் திருப்பிக் குடுத்தியா, இல்லையா?"

"குடுக்கல சார்."

தணிக்கை அதிகாரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். குற்றவாளி தானாக ஒத்துக்கொள்ளும் சுகம் இருக்கிறதே, அதற்கு ஈடு எந்தச் சம்பள உயர்விலும் கிடையாது. "கேட்டீங்கல்ல? எழுதுங்க. 'எடுத்ததை ஒப்புக்கொண்டார்'னு என் முன்னாடியே எழுதுங்க."

மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "ஏன்யா, போயும் போயும் இந்த எட்டு ரூபாய்க்கா வேலையைத் தொலைச்சுக்கறே?"

கண்டக்டர் தோல்பையின் உள்ளறைக்குள் கையை விட்டான். அங்கிருந்து இன்னொரு டிக்கெட் கட்டு வந்தது. அதே ரப்பர் பேண்ட், அதே கனம். அதைப் பரப்பிக் கிடந்த டிக்கெட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தான். அவன் முன்பக்கம் தெரியும்படி வைத்தான்.

மேலாளர் மேலே இருந்ததை எடுத்துப் படித்தார். "பாலத்துல இருந்து டிப்போ. எட்டு ரூபா." அடுத்ததை எடுத்தார். அதுவும் அதேதான். தேதி மட்டும் வேறு.

பிறகு அவர் கை மெதுவாக எதிர்வரிசைக்குப் போய், கவிழ்ந்து கிடந்த ஒரு டிக்கெட்டை நிமிர்த்தியது. பன்னிரண்டு ரூபா, பாலம் வரைக்கும். இரண்டிலும் ஒரே தேதி. தணிக்கை அதிகாரி மீதியைச் சேர்த்து அள்ளப் பார்த்தார். மேலாளரின் உள்ளங்கை அதற்கு முன்னால் அவற்றின்மேல் படிந்துவிட்டது.

"இவ்வளவும் யாருக்குய்யா போட்ட டிக்கெட்டு?"

கண்டக்டர் தலையைச் சொறிந்தான்.

"பாலத்துல இறங்காமத் தூங்கறவருக்கு சார். எழுப்ப மனசு வரல."