முள்ளுக்குக் கட்டிய நெறி

1924 பிப்ரவரியில் புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் எலிகள் செத்து விழுந்தன. பிளேக் வந்துவிட்டதென்று ஊரே வீடுகளைப் பூட்டிக்கொண்டு வெளியேறி, சிறு குன்றான கரட்டின் அடியில் ஓலைக் கொட்டகை போட்டுத் தங்கியது.

அங்கே வேலி அடைக்கும்போது சின்னண்ணன் என்பவனின் குதிகாலில் வேலமுள் ஏறி முறிந்தது.

கால் சிவந்து கொதித்தது. முள்ளோடு உள்ளே போன கிருமிகளைத் தின்ன இரத்தத்தின் வெள்ளணுக்கள் தோலுக்கடியில் வந்து குவிந்தன. தின்றவை செத்துச் சீழாயின. தப்பி மேலேறிய கிருமிகளைத் தொடை இடுக்கிலிருந்த நெறி, அதாவது நிணநீர்க் கணு, மறித்தது. மறித்ததில் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியது.

பிளேக்குக்கும் அங்கேதான் வீங்கும்.

தம்பி சின்னண்ணன் நொண்டுவதைக் கண்ட பெரியசாமி அவன் வேட்டியை விலக்கிப் பார்த்தான். பார்த்ததும் எட்டி உதைத்தான். தடிகளோடு ஆட்கள் கூடிவிட்டார்கள். ஓர் அடியில் சின்னண்ணனின் காது கிழிந்தது.

மனைவி மாரக்காள் குறுக்கே பாய்ந்தாள். "அது முள்ளுக்குக் கட்டுன நெறிங்க மாமா! பாருங்க, எல்லாரும் பாருங்க!"

புருஷனின் கால்மேல் ஏறி உட்கார்ந்து, சூரிக்கத்தியால் குதிகாலைக் கீறினாள். அவன் தன் கையையே கடித்துக்கொண்டு அலறினான். சீழும் இரத்தமும் அவள் மணிக்கட்டு வரை வழிந்தன. விரலை உள்ளே விட்டுத் துழாவி, கறுத்த முள்ளை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

"கத்தி புடிக்கிற நேர்த்தியப் பாரு, ஆசுபத்திரி தொரசானியாட்ட!" என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள்.

பெரியசாமி சிரிக்கவில்லை. "முள்ளு குத்துனவனுக்குச் சீக்கு வராதா புள்ள? எம்பட கொழந்தைங்க இங்க இருக்குதுங்க. இவன இழுத்துக்கிட்டு ஊட்டுக்கே போயிரு."

கற்கள் பறந்தன. எல்லாம் சின்னண்ணனைக் குறி வைத்தவை. அவனைத் தோளில் சாய்த்து இழுத்தபடி மாரக்காள் ஆளில்லாத ஊருக்குள் நுழைந்தாள். வீட்டில் செத்துக் கிடந்த எலிகளைக் கூட்டித் தள்ளிவிட்டு, அதே இடத்தில் பாயை விரித்தாள்.

கால் ஆறியது. சீழ் வற்றிப் புதுத் தோல் மூடியது. நெறி இருந்த இடம் தெரியாமல் கரைந்தது. கரட்டடி வரை அவனை நடத்தியே கூட்டிப்போய்ப் பெரியசாமியின் முன்னால் நிறுத்த வேண்டும் என்றிருந்தாள்.

புறப்பட வேண்டிய காலையில் அவளுக்குக் காய்ச்சல். தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது.

சின்னண்ணன் அவளுடைய இரு பாதங்களையும் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஒரு கீறல்கூட இல்லை.